பெரியவர் நிற்க மாட்டேன் என்கிறார்

என் வீட்டில் இரண்டு மெக்கானிக்குகள். ஒருவர் என் அப்பா, டீசல். இன்னொருவர் என் வீட்டுக்காரர், பெட்ரோல். இருவரும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஷெட்டில் வேலை, ஒரே பானையில் சாப்பாடு, ஒரே சோப்பில் கை கழுவுகிறார்கள். பேச்சு மட்டும் என் வழியாக.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா, பெட்ரோல் இன்ஜின் பார்ப்பதெல்லாம் வாட்ச் ரிப்பேர் மாதிரி என்றார். என் வீட்டுக்காரர், டீசல் இன்ஜின் பார்ப்பதெல்லாம் கல் உடைப்பது மாதிரி என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இருவரும் தட்டோடு எழுந்து ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அன்று போனவர்கள்தான், இன்னும் திரும்பி வரவில்லை.

நடுவில் நான். "உங்கப்பாகிட்ட சொல்லு, பதினாலாம் நம்பர் ஸ்பானர் அவர் சட்டைப் பையிலயே இருக்குன்னு" என்பார் இவர். அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். காதும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரும்பி, "அப்பா, பதினாலாம் நம்பர் உங்க பையில இருக்காம்" என்று சொன்ன பிறகுதான் அவர் கை பைக்குள் போகும். ஒரு முறை ஜாக்கி நழுவியது. "உங்கப்பாவைத் தள்ளி நிக்கச் சொல்லு!" என்று இவர் கத்துகிறார். அப்பா நகரவில்லை. சாய்கிற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். நான் சொன்னேன். நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில் கார் உட்கார்ந்தது. இப்படிப்பட்ட ஆட்களோடு குடும்பம் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

எனக்கென்று ஒரு தொழில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. பின்பக்கம் சாய்வாக மரச் சட்டம் அடித்து, அதில் ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடித் தொழிற்சாலையில் தகடு தகடாக ஏற்றி, பீரோ செய்கிறவர்கள், ஜன்னல் போடுகிறவர்கள், சலூன்காரர்கள் என்று கடை கடையாகக் கொண்டு போய்க் கொடுப்பேன். இந்தத் தடத்தை நானே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பிடித்தேன். உடையாமல் கொண்டுவருகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. தொழிற்சாலையில் திங்கட்கிழமைதோறும் எட்டு மணிக்குள் வாசலில் நின்றால்தான் அந்த வாரத்துக்கான சரக்கு. தவறினால் தடம் அடுத்தவனுக்கு. அடுத்தவனும் தயாராகத்தான் இருக்கிறான். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதால் அவனைச் சிரிப்பு என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு திங்களும் காலி லாரியோடு வந்து, எனக்கு ஏதாவது ஆகாதா என்று பார்த்துவிட்டுப் போவான்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை என் வண்டியின் பெட்ரோல் இன்ஜின் செத்தது. பிளாக்கிலேயே விரிசல். "உங்கப்பாகிட்ட சொல்லு, இதுக்கு வைத்தியம் கிடையாதுன்னு" என்றார் இவர். அப்பா தானாகவே எட்டிப் பார்த்துவிட்டு, "உன் புருஷன் சொல்றது சரின்னு சொல்லும்மா" என்றார். நாலு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் வண்டி செத்ததுதான்.

வேறு பெட்ரோல் இன்ஜின் உடனே கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று. ஷெட்டின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. உடைசலுக்குப் போன ஒரு மினிபஸ்ஸின் டீசல் இன்ஜின். அப்பா அதை வாரா வாரம் துடைத்து, எண்ணெய் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார். அதற்குப் பெரியவர் என்று பெயர். "பெரியவருக்கு இன்னிக்கு மூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பார். பெற்ற மகளைப் பற்றி அவர் இவ்வளவு மரியாதையாக ஒரு நாளும் பேசியதில்லை.

நான் இருவரையும் கூப்பிட்டு நடுவில் நின்றேன். "வண்டி என்னுது. பெரியவர் அப்பாவோடது. வேலை உங்க ரெண்டு பேரோடதும். திங்கட்கிழமை காலைல நான் வாசல்ல நிக்கணும். எப்படியாவது உள்ள இறக்குங்க" என்றேன்.

"பெட்ரோல் வண்டியில டீசல் இன்ஜினா? உங்கப்பாகிட்ட சொல்லு, ஆட்டுக்குட்டி மேல யானையை ஏத்துற மாதிரின்னு."

"உன் புருஷன்கிட்ட சொல்லு, ஏறப்போறது யானை. கீழ இருக்கிறது தாங்குற மாதிரி இரும்புக் கட்டைகளை வெல்டு வச்சா போதும்னு."

இரண்டையும் சொன்னேன். வேலை தொடங்கியது.

எல்லை ஒன்று வகுத்துக்கொண்டார்கள். எந்த வண்டியிலும் இன்ஜின் இருக்கும் இடத்துக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு இருக்கும். அந்தத் தகரத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் அப்பா. பின்னால் இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரர். அப்பா பெரியவரைச் சங்கிலியில் தொங்கவிட்டு, தாலாட்டாத குறையாக இறக்கினார். பானெட் மூடவில்லை. மூடியில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தார்கள். பெரியவரின் தலை அந்த வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் அப்பா ஒரே இரும்புக் குழாயை, நடுவில் இணைப்பே இல்லாமல், வளைத்து வளைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். இவர் உள்ளே டேஷ்போர்டைப் பிரித்து ஒயர்களை மாற்றினார், சாவி வேலையைப் பார்த்தார். நான் தகரத்துக்குப் பக்கத்தில் நின்று சேதி சொன்னேன். தொண்டை கட்டிப்போன அன்று கையை ஆட்டிச் சொன்னேன். ஆட்டுகிற கையின் தோரணை சரியில்லை என்று அப்பா கோபித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்தது. அந்தப் பெருமையில் இவர் போய் டீசல் வாங்கிவந்து டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பினார். சாவியைத் திருப்பினார். பெரியவர் இருமினார், கனைத்தார், கரும்புகையைக் கக்கினார். பிறகு ஓட ஆரம்பித்தார். தெருவே அதிர்ந்தது. ஷெட் கூரையிலிருந்து துரு கொட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவரும் கொஞ்சம் சிரித்தார், பிறகு அப்பா பார்க்கிறாரோ என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இவர் சாவியைத் திருப்பி அணைத்தார். பெரியவர் ஓடினார். சாவியை வெளியே உருவினார். பெரியவர் ஓடினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார். பெரியவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

விஷயம் இதுதான். பெட்ரோல் இன்ஜின் ஓட ஒரு பொறி வேண்டும். சாவியை அணைத்தால் பொறி நிற்கும், இன்ஜினும் நிற்கும். பெரியவர் மாதிரியான பழைய டீசல் இன்ஜினுக்குப் பொறியே கிடையாது. டீசல் வருகிறவரைக்கும் ஓடும். அதை நிறுத்த வேண்டுமென்றால் டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் விரலளவு நெம்புகோலைத் தள்ள வேண்டும். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தள்ளுவதற்கு ஒரு கேபிள் போடுவார்கள். அந்தக் கேபிள் டேஷ்போர்டில் தொடங்கி, தகரத் தடுப்பைத் தாண்டி, பம்பில் போய் முடியும். அதாவது எல்லையைத் தாண்டும். பாதி இவருடைய நாடு, பாதி அவருடைய நாடு. எனவே யாருமே போடவில்லை.

இவருக்கு அப்படி ஒரு கேபிள் உண்டு என்பதே நினைப்பில் இல்லை, பெட்ரோல் புத்தி. அப்பாவுக்கு, அது டிரைவர் இழுக்கிற கேபிள், ஆகவே அது உள்பக்கத்து வேலை. என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

"உங்கப்பாகிட்ட சொல்லு, என்னை அவமானப்படுத்தணும்னே இப்படிப் பண்ணியிருக்காருன்னு" என்றார் இவர், இன்ஜின் சத்தத்துக்கு மேல்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, நிறுத்தத் தெரியாதவன் எதுக்கு ஸ்டார்ட் பண்ணினான்னு!"

எனக்குள் ஏதோ அறுந்தது. நாலு வருஷத்து ஸ்பானரும் நட்டும் போல்ட்டும் ஏச்சும் பேச்சும் ஒன்றாக வாய்க்கு வந்தன. "இனிமே ஒரு சொல்லு கூட நான் தூக்கிட்டுப் போக மாட்டேன்!" என்று கத்தினேன். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்ட குழாயா? பேசணும்னா பேசுங்க. இல்லைன்னா இந்தப் பெரியவரோட சேர்ந்து நீங்களும் கத்திட்டுக் கிடங்க!" உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அது வேறு எரிச்சல்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வண்டியில் ஏறி, கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, இன்ஜினைத் திணறடித்து நிறுத்தப் பார்த்தார். பெட்ரோல் வண்டியாக இருந்தால் திணறியிருக்கும். பெரியவர் மினிபஸ் இழுத்தவர். பிரேக்கையும் இழுத்துக்கொண்டு முன்னால் போனார். சுவரில் முட்டினால் நிற்பார் என்று இவர் காம்பவுண்டுச் சுவரை நோக்கித் திருப்பினார். பெரியவர் நிற்கவில்லை, சுவர்தான் விழுந்தது. அடுத்து இவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு டீசல் குழாயை வெட்டப் போனார். அப்பா வண்டிக்கு அடியில் புகுந்து, குழாயைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். அதில் அப்பா பக்கம் நியாயம் இருந்தது. வெட்டினால் மறுபடி பற்றவைத்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, ஓடவைப்பதற்குள் செவ்வாய் ஆகிவிடும். எனக்குத் திங்கள் வேண்டும்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "சாவியை எடுத்துப் பாத்தீங்களா?" என்பதுதான். இவர் ஒவ்வொருவருக்கும் சாவியைக் காட்டினார். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார், காட்டிய சாவியை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, இது அந்தச் சாவிதானா என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுத் தையற்காரி மட்டும் வேறு மாதிரி வந்தாள். அவளுடைய கைக்குழந்தை பிறந்ததிலிருந்து இராப்பகலாக அழுகிற ஜாதி. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டே பல மாசம் ஆகிறது. இப்போது முகம் முழுக்க வெளிச்சம். "தூங்குதுக்கா!" என்றாள். "உங்க வண்டி ஆரம்பிச்சதுலேர்ந்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குது. தயவு செஞ்சு நிறுத்திடாதீங்க." எங்களால் நிறுத்த முடியவில்லை என்று சொன்னேன். "ரொம்ப நன்றிக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெரியவர் பெரிய உடம்புக்காரர் ஆகையால் பம்பு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து நெம்புகோலுக்குக் கண் போகும், கை போகாது. உள்பக்கத்தில், பழைய ஆக்சிலேட்டர் கேபிள் போன ஓட்டை ஒன்று தகரத்தில் சும்மா கிடந்தது. அதன் வழியாக நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டால் நெம்புகோலை எட்டலாம். ஆனால் உள்ளிருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதாவது முன்னால் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், பின்னால் ஒருவர் கேட்டுக் குத்த வேண்டும். ஐந்து நிமிஷ வேலை, பேசுகிறவர்களாக இருந்தால்.

இவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குருட்டாம்போக்கில் துழாவினார். அப்பா முன்னால் பெரியவரின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனை நெம்புகோலுக்கு ஒரு விரல்கடை தள்ளி அலைகிறது. அப்பாவுக்கு அது தெரிகிறது. வாயைத் திறக்கிறார், மூடுகிறார். நெற்றி நரம்பு புடைக்கிறது. முனை நெருங்கி வருகிறது, அப்பா மூச்சைப் பிடிக்கிறார், முனை விலகிப் போகிறது, அப்பா வானெட்டும்படி "ச்சே!" என்கிறார். வானத்திடம் சொன்னதாகக் கணக்கு. ஒரு தடவை முனை தவறிப்போய் பம்பிலிருந்த ஆக்சிலேட்டர் கம்பியைத் தட்டிவிட, பெரியவர் சிங்கம் மாதிரி கர்ஜித்தார். கணக்கு வாத்தியார் வீட்டுப் பூந்தொட்டி மாடியிலிருந்து நடந்தே வந்து கீழே விழுந்தது.

அப்பா தையற்காரியைக் கூப்பிட்டார். "அம்மா, உள்ள படுத்திருக்கிறவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"எதுக்கு?"

"வண்டியை நிறுத்தத்தான்."

"குழந்தை தூங்குது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடம் போனால் அதற்குப் பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது? காலையிலிருந்து மாலைவரை இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிற வேலைதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு வீம்பு இருந்தால் எனக்கும் இருக்கிறது, நான் அவருடைய மகள்தானே.

திங்கட்கிழமை காலை வந்தது. பெரியவர் ஓடிக்கொண்டிருந்தார். நான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். கூப்பிடாமலே இவர் ஒரு பக்கமாக வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கூப்பிடாமலே அப்பா பின்பக்கம் மரச்சட்டத்துக்கு நடுவில் ஏறி, சரக்கு மாதிரி நின்றுகொண்டார். வண்டி நகர்ந்ததும் பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது. தையற்காரி தெருமுனைவரை ஓடிவந்து எங்கள் மூன்று பேரையும் தலைமுறை தலைமுறையாகத் திட்டினாள்.

ஓட்டும்போது ஒன்று தெரிந்தது. பெரியவர் நகர்ந்துகொண்டிருக்கும்போது வெண்ணெய் மாதிரி போகிறார். நின்றால்தான் ஆட்டம். நின்றபடி ஓடினால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடுகிறது, பல் ஆடுகிறது. இந்த ஆட்டத்தில் கண்ணாடியை ஏற்றினால் ஏற்றும்போதே தூள் தூளாகிவிடும். தொழிற்சாலைக்கும் அது தெரியும். அதனால்தான் அங்கே ஒரு சட்டம்: இன்ஜின் ஓடுகிற வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது. அணைத்துவிட்டு, ஆள் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

கேட் காவலாளி என் வண்டியைப் பார்த்தார். பானெட்டுக்கு மேல் எட்டிப் பார்த்த பெரியவரைப் பார்த்தார். மரச்சட்டத்துக்கு நடுவில் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"அணைங்கம்மா."

"அணைய மாட்டேங்குது."

"சாவியை எடுத்துப் பாத்தீங்களா?"

நான் சாவியை எடுத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டின. முதல் லாரி சிரிப்பினுடையது. அவன் பல்லை இவ்வளவு முழுசாக நான் அதுவரை பார்த்ததில்லை.

"எட்டு மணி ஆச்சுன்னா கேட்டை மூடிடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் காவலாளி.

இவர் டேஷ்போர்டுக்கு அடியில் சரிந்தார். அப்பா பின்னாலிருந்து குதித்து முன்பக்கம் ஓடி, தலையை உள்ளே விட்டார். ஸ்க்ரூ டிரைவர் ஓட்டைக்குள் நுழைந்தது. நான் இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில், வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பா காவலாளியைப் பார்த்தார். "ஐயா, உள்ள இருக்கிறவர்கிட்ட இடது பக்கம்னு சொல்லுங்க."

காவலாளி கதவு வழியாகக் குனிந்து, "இடது பக்கமாம்" என்றார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "யாரோட இடதுன்னு கேளுங்க."

"யாரோட இடதுன்னு கேக்குறார்."

"இடதுன்னா இடதுதான்னு சொல்லுங்க."

"இடதுன்னா இடதுதானாம்."

ஒருவர் வண்டியின் பின்பக்கம் பார்த்து நிற்கிறார், இன்னொருவர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார். இவருக்கு இடது அவருக்கு வலது. காவலாளிக்கு, அவர் நின்ற கோணத்தில், இரண்டுமே இல்லை. இவர் தன்னுடைய இடதில் குத்தினார். ஆக்சிலேட்டர் தட்டுப்பட்டது. பெரியவர் கர்ஜித்தார். கரும்புகையில் காவலாளியின் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. லாரிக்காரர்கள் இறங்கிவந்து ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஒருவர் மேலே என்றார். ஒருவர் அந்த ஸ்க்ரூ டிரைவரைச் சூடு பண்ணிக் குத்துங்கள் என்றார். சிரிப்பு, "சாவியை எடுத்துப் பாத்தீங்களா?" என்றான்.

"ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்க மாட்டாங்களா?" என்று காவலாளி என்னிடம் கேட்டார்.

"நாலு வருஷமா மாட்டாங்க."

"அப்போ மத்தியானம்கூட நிக்காது" என்று சொல்லிவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு, கேட்டை இழுக்கப் போனார். கேட்டின் சக்கரம் கிறீச்சென்று உருள ஆரம்பித்தது.

உள்ளே படுத்திருந்தவருக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. கேட் நகர்வதைப் பார்த்தார், எங்கள் வண்டிக்குப் பின்னால் லாரி இருக்கையை விட்டுப் பாதி எழுந்து நின்ற சிரிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். இந்த முறை வெங்காயம் இல்லை. என்னைக் கெஞ்சுவது மாதிரி பார்த்தார், நீ ஒரு தடவை சொல்லிவிடேன் என்று. நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். நான் பிறந்ததிலிருந்து என் அப்பாவின் எந்தப் பார்வைக்கும் முடியாது என்று தலையாட்டியதில்லை.

அப்பா பெரியவரின் காதோரம் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினார். "மாப்பிள்ளே! உங்க இடது இல்ல! உங்க வலது!"

உள்ளே ஒரு கணம் ஸ்க்ரூ டிரைவர் அசையவில்லை.

"எவ்வளவு மாமா?" என்று கேட்டார் இவர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஒரு விரல்கடை! இன்னும், இன்னும், போதும்! மேல பாருங்க, தட்டுப்படுதா?"

"தட்டுது மாமா!"

"அதுதான்! அமுக்குங்க மாப்பிள்ளே, நல்லா அமுக்குங்க!"

பெரியவர் ஒரு குலுங்கு குலுங்கினார். நின்றார்.

அப்படி ஓர் அமைதி. சனிக்கிழமையிலிருந்து உலகத்தில் காக்கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இப்போது எங்கோ ஒன்று கத்தியது. காவலாளி கேட்டைப் பிடித்தபடி நின்றார். பாதி மூடியிருந்தது. "சரி, தள்ளுங்க" என்றார். அப்பாவும் இவரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி உள்ளே போனது. டிரைவர் தவிர மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பதால் அவர்களை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுச் சரக்கு ஏற்றினேன். பெரிய தகடுகள், பீரோவுக்கான ஆளுயரக் கண்ணாடிகள், எல்லாம் பத்திரமாகச் சட்டத்தில் சாய்ந்தன.

ஏற்றி முடிக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இருவரும் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதல்லயே என் வலதுன்னு நீ சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாட்ச் ரிப்பேர் பண்றவருக்கு வாய் எதுக்குன்னு இருந்தீங்க!"

"கல் உடைக்கிறவருக்குக் கேபிள் போடத் தெரியலை, என்னைச் சொல்றீங்க!"

கோபத்தில் இவர் ஒருமைக்கும் பன்மைக்கும் தாவிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். நாலு வருஷத்துச் சண்டை. ஒவ்வொரு சொல்லும் என் மேல் பட்டுத்தான் அடுத்தவருக்குப் போகும் என்று பழகியிருந்தேன். இப்போது அது நேராகப் போனது, நேராக வந்தது. என் மேல் ஒன்றுமே படவில்லை. இவர்கள் சமாதானமாகிவிட வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாள் ஆசைப்படுவதாக நினைத்திருந்தேன். அது இல்லை. அவர்கள் சண்டை போடட்டும், சாகிறவரைக்கும் போடட்டும். நான் நடுவில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தொழிற்சாலை ஆட்கள் வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டதும் ஸ்டார்ட் செய்தேன். நின்றபடி ஓடினால் கண்ணாடி உடையும் என்பதால் உடனே நகர்த்தினேன். வண்டி நகர்ந்ததும் இருவரும் என் ஜன்னலோடு கூடவே ஓடிவந்தார்கள்.

"நீயே சொல்லும்மா, யார் பேர்ல தப்பு?" என்றார் அப்பா.

"நில்லு, நாங்க ஏறிக்கிறோம். முதல்ல உங்கப்பாகிட்ட சொல்லு" என்று இவர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

"அவர் உங்க பக்கத்துலதான் ஓடிட்டு வர்றார், நீங்களே சொல்லுங்க" என்றேன். "நிறுத்தினா கண்ணாடி போயிடும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடந்து வாங்க."

கியரை மாற்றினேன். வெண்ணெய் மாதிரி போனது வண்டி.

முதல் கடை பீரோ செய்கிறவருடையது. மெதுவாக ஓரங்கட்டினேன். நின்றதும் ஆட ஆரம்பித்தது, பின்னால் தகடுகள் முனகின. சட்டென்று சீட்டில் சரிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓட்டைக்குள் விட்டேன். கேட்டில் நின்றபோது அவர்கள் இருவரும் சொன்னதும் கேட்டதும் என் காதில் ஒன்று விடாமல் ஏறியிருந்தது. வலது, ஒரு விரல்கடை, கொஞ்சம் மேலே. தட்டுப்பட்டது. அமுக்கினேன். பெரியவர் நின்றார், ஒரே அமுக்கில். பின்னால் ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை.

பீரோக்காரர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னம்மா இது? பெட்ரோல் வண்டிக்கு டீசலா? உங்கப்பா என்ன சொல்றார், உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். யாரிடமிருந்தும் வாங்காமல் ஒரு வாக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது என்று சட்டென்று பிடிபடவில்லை.

"நான் சொல்றேன்" என்றேன். இறங்கி வந்து, பெரியவரின் சூடான தலைமேல் கையை ஊன்றிக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தேன்.